மரத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே

கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியே காலை வெயில் தறிமேல் விழுகிறது. இப்போதுதான் எடை மெஷினிலிருந்து இறங்கி வந்த ஜெயப்ரியா, தறிக்குழிக்குள் கால்களை விட்டுப் பலகையில் உட்காருகிறாள். இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்து அரை வருஷமாகிறது; சில வாரமாக மெஷினில் அதே எண்தான் நிற்கிறது. பக்கத்தில் டம்ளரில் கஞ்சி ஆறிக்கொண்டிருக்கிறது. இரண்டு மடக்கிலேயே வயிறு போதுமென்றுவிட்டது. ஊடை நூல் கொண்ட நாடாவை இழைகளுக்குள் எறிந்துவிட்டு, அந்த நூலை நெருக்கும் அச்சை இழுக்க நீள்கிறாள், கை எட்டவில்லை. பக்கத்துத் தறியிலிருந்து கணவன் ஹேமநாத் பார்க்கிறான். “இன்னாத்துக்கு இப்பிடி எக்கிகினு நெய்யிற? பலகைய முன்னாடி தள்ளிக்கோ.” “மெஷின்ல ஒண்ணுமே இறங்கலியேங்க.” “அப்ப தறியா தள்ளிப் போச்சு?” ஜெயப்ரியா குனிந்து பார்க்கிறாள். நெய்த பட்டுத் துணியைச் சுற்றும் மரம் எப்போதும் அவள் வயிற்றில் அழுந்திக் கிடக்கும். ராத்திரி குளிக்கும்போதுகூட அந்தக் கோடு சிவந்திருக்கும். இப்போது நடுவில் அவள் உள்ளங்கை முழுசாக நுழைகிறது. எடை அப்படியே இருக்கிறதென்றால், இங்கே இருந்தது எங்கே போனது? எழுந்து பலகையின் விளிம்பைப் பிடிக்கிறாள். பிடித்த கை தள்ளாமலே நிற்கிறது. பழைய பருத்த ஜெயப்ரியா திரும்பி வந்தால் அவளுக்கு உட்கார இடம் வேண்டுமே.