கேட்க வேண்டிய ஆள்

வயிறு திறந்து கிடந்தபோதே நான் ஒரு சர்ஜனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். குடலிறக்க ஆபரேஷன். முதுகில் போட்ட ஊசியில் தொப்புளுக்குக் கீழேதான் மரத்திருந்தது. காதும் வாயும் முழித்திருந்தன.

"இடது விதையையும் எடுத்துடலாம். வெளியே மச்சினர் நிக்கார், கேட்டுட்டு வாங்க" என்று டாக்டர் நர்ஸை அனுப்பினார். அவள் வெளியே போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"விதை என்னோடது டாக்டர், அவன்கிட்ட என்ன கேள்வி?" நான் போட்ட சத்தத்தில் மூன்று தெருவுக்கு நாய் குரைத்தது.

டாக்டர் தலைமாட்டுக்கே வந்துவிட்டார். "எடுத்தா குடல் மறுபடி இறங்காது. எடுக்கலைன்னா இறங்கலாம்."

"இறங்கினா பாத்துக்கலாம். அது இருக்கட்டும்."

இருக்கிறது.

மச்சினன் திரவியம் மட்டும் இதை "அத்தான் புளுகு" என்றே சொல்லிவந்தான். நேற்று என் மனைவி அவனை உட்காரவைத்துக் கேட்டாள்.

"நெசந்தான்க்கா. அத்தான் சத்தம் கேக்கதுக்கு முன்னாலயே நர்ஸ்கிட்ட எடுத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டேன்."