அழிக்காத ஃபைல்

மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எதிரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிற பீம்ராவ், இரவுப் பள்ளிக்குக் கொடுக்கவிருந்த பழைய கம்ப்யூட்டரைக் கண் எரிய எரியக் காலி செய்துகொண்டிருந்தார். மனைவி ரமாபாய் டீயோடு வந்ததும் திரையைக் கையால் மறைத்தார்.

“எவ படம்யா அது?”

“ஒண்ணுமில்ல, போ.”

“ஒண்ணுமில்லாததையா சிடில ஏத்திகினு கீற? கைய எடு!”

சலிப்போடு எடுத்தார். அவருடைய படம் போட்ட அஞ்சலி போஸ்டர். தேதி மட்டும் காலி.

“அடப்பாவி!”

“நமக்குன்னு புள்ளையா, குட்டியா? ரேஷன் கார்டு போட்டோவப் பெருசாக்கி எவனாச்சும் கலீஜா அடிப்பான். அதான் ரெண்டு பேருக்கும் செஞ்சி வெச்சிட்டேன்.”

அடுத்த ஃபைலைத் திறந்தார். அதில் ரமாபாய் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டீ ஆறும்வரை அதையே பார்த்தாள்.

“தேதிய யாரு போடுவா?”

“மிச்சம் கீறவங்க.”

“அப்போ எனுக்கும் கம்ப்யூட்டர் கத்துக்குடு” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.