வேப்பெண்ணெய் வாசனை

“பாய், இன்னிக்கு ஒரு நாள் அந்த மருந்த அடிக்காதீங்க.”

எதிர் வீட்டு சர்தார் பாஷா நிமிரவில்லை. பக்கெட்டில் நொச்சி இலைச் சாறு. அதில் வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலமானால் தெருச் சாக்கடை முழுக்க அடிப்பார். ஆம்பூரிலேயே அந்தத் தெருவில்தான் கொசு கம்மி. நாற்றம் ஜாஸ்தி.

சௌந்தரம் விடவில்லை.

“எம்மக நந்தினியப் பொண்ணு பாக்க திருவண்ணாமலையிலேர்ந்து வர்றாங்க. மே மாசம் வந்தவங்க காபியக்கூடத் தொடாம எழுந்து போய்ட்டாங்க. எல்லாம் உங்க மருந்து நாத்தம்.”

“பொண்ணு பாக்க வந்தா கொசு லீவு போடுமா?”

“பெரிய மனுஷன்னு பாக்கறேன்.”

“பாத்துக்கோ.”

கார் வருவதற்குச் சற்று முன்னால் பாஷா ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு இறங்கினார். மற்ற வாசல்களில் நடந்தபடியே அடித்தவர், சௌந்தரம் வாசலில் மட்டும் நின்று நிதானமாக அடித்தார்.

அவளுக்கு அழுகை வந்தது. ஜன்னலைச் சாத்தினாள். ஊதுவத்தி கொளுத்தினாள். நாற்றம் எதற்கும் மசியவில்லை.

பையனின் அம்மா உட்கார்ந்ததுமே காற்றை முகர்ந்து பார்த்தாள்.

“இது இன்னா வாசன?”

“எதிர் வீட்டு பாய்ங்க. கொசுவுக்கு வேப்பெண்ணெய் அடிக்கறார். சொன்னா கேக்க மாட்டார்.”

“வேப்பெண்ணெய்தானா? எங்க மாட்டுக் கொட்டாயில ஈக்கு தெனமும் இதான்.” அந்தம்மா சிரித்தாள். “தோல் பதனிடற டேனரிக்குப் பின்னாடி தெருன்னாங்க. பண்டிகைக்கு வந்தா எப்படித் தங்கறதுன்னு பேஜாரா வந்தேன். அந்த நாத்தமே இல்லியே.”

கேசரி காலியானது. காபி இரண்டாம் தடவை வந்தது. தை மாதமே முடித்துவிடலாம் என்றார்கள். கிளம்பும்போது அந்தம்மா பாஷாவிடம் ஒரு பாட்டில் மருந்தும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சௌந்தரம் கேசரித் தட்டோடு எதிர் வீட்டுக்குப் போனாள்.

“அந்தம்மா மாடு வெச்சிருக்கறதால தப்பிச்சீங்க பாய். ஆனா பாருங்க, டேனரி நாத்தமாம். நம்ம தெருவுல எங்க அடிக்குது? எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல.”

“எனக்கும்தான் வந்ததில்ல. வெயிலுக்கு பெங்களூர்ல மக வீட்டுக்குப் போய்ட்டு ஜூன்ல திரும்பினேன் பாரு. ஆட்டோவ விட்டு எறங்கினதும் கொடலப் பொரட்டிடுச்சு.”

சௌந்தரம் அவர் வீட்டுக் கதவைப் பார்த்தாள். ஆமாம், மே மாதம் முழுக்க எதிர் வீடு பூட்டித்தான் கிடந்தது.

பாஷா கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

“இன்னிக்கு டேனரில தொட்டி கழுவற நாளும்மா. அதான் உன் வாசலுக்கு மட்டும் தண்ணி கம்மி, எண்ண ஜாஸ்தி.”