காற்றுத் திருட்டு

“யார் பார்த்த வேலை இது?”

எஃகு ஆலையின் உலைக்கூடமே திரும்பிப் பார்த்தது. மின்சிக்கனத்துக்குப் பொறுப்பான இன்ஜினீயரின் கையில் ஒரு ரப்பர் ஹோஸ். கம்ப்ரஸர் குழாயிலிருந்து கள்ளத்தனமாகப் பிரிந்து போயிருந்தது.

“நான்தான் சார்,” என்றார் பைப் ஃபிட்டர். அலட்டிக்கொள்ளவே இல்லை.

இன்ஜினீயருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருஷம் நாயாய் அலைந்து ஆலையின் மின்செலவை இறக்கி வைத்திருந்தார். இந்த மாதம் அது எகிறியது. மூன்று நாளாய்த் தேடி, இப்போதுதான் திருடன் அகப்பட்டிருக்கிறான்.

“காத்துதானேன்னு நெனச்சீங்களா? அதை அழுத்தி அனுப்ப எவ்வளவு கரண்டு ஆகுது தெரியுமா? இந்த ஒரு ஹோஸுக்கு ஆகறதுல பத்து வீட்டுக்கு விளக்கெரியும்யா.”

“தெரியும் சார். இருபது வருஷமா அந்தக் கம்ப்ரஸரோடதான் குடித்தனம்.”

“தெரிஞ்சே செஞ்சீங்களா? இன்னைக்கே சஸ்பெண்ட்.”

“பண்ணுங்க சார். ஷிப்ட் முடியற வரைக்கும் ஹோஸை மட்டும் பிடுங்காதீங்க.”

என்ன திமிர் என்று பொருமிக்கொண்டே இன்ஜினீயர் ஹோஸைப் பிடித்தபடி நடந்தார். அது இரும்புப் படியேறி, உலை வாய்க்கு எதிரே உயரத்தில் இருந்த கண்ணாடிக் கேபினுக்குள் போனது. கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது.

ஹோஸின் நுனி ஒரு நாற்காலி முதுகில் கட்டியிருந்தது. அதில் உட்கார்ந்து, பழுக்கக் காய்ந்த இரும்புக் கட்டிகளை லீவரால் நகர்த்திக்கொண்டிருந்த பெண், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

“அண்ணனைத் திட்டாதீங்க சார். மாசத் தொடக்கத்துல எனக்கு இங்க மயக்கம் வந்துடுச்சு. கட்டி தடம் மாறிப் போயி, கீழ நின்ன ரெண்டு பேர் மயிரிழையில தப்பிச்சாங்க. அன்னைக்குத்தான் அவர் இதை இழுத்து விட்டார்.”

இன்ஜினீயர் கேபினைச் சுற்றிப் பார்த்தார்.

“இங்க ஏசி இல்லையா?”

“இருந்துச்சு சார். இந்தக் காத்துக்கு ஆகற கரண்டுல கால்வாசிகூட அது தின்னாது.”

சுவரில் சதுரமாய் ஓர் ஓட்டை. அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். இன்ஜினீயரின் கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியது.

“நெருப்புக்கு முன்னாடி ஆளை உட்கார வெச்சுட்டு, ஏசியைக் கழட்டச் சொன்ன மடையன் யாரு?”

பின்னாலேயே படியேறி வந்திருந்த ஃபிட்டர் நிதானமாகச் சொன்னார்.

“சிக்கனத்துக்குன்னு நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பின லிஸ்ட்ல ஆறாவதா இருந்துச்சு சார். கழட்டினவனும் நான்தான். அதை உங்க ரூம்ல கொண்டுவந்து மாட்டினவனும் நான்தான்.”