ஹியரும் லிசனும்

மகள் ரூபியின் ஆங்கில நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த மெரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னங்க, ஹியருக்கும் லிசனுக்கும் என்ன வித்தியாசம்னு ஹோம்வொர்க் குடுத்திருக்காங்க. நம்ம ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் ஞாபகம் இருக்கா?"

எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த லூயிஸ் அவளைப் பார்த்துச் சிரித்தான். "பெரிய மார்க்கெட் பக்கத்துல, மாடியில. மறப்பனா?"

"சார் இதே கேள்விய கேட்டாரு. நீங்க எழுந்து, 'ரெண்டும் கேக்கறதுதான் சார்'னு சொன்னீங்க. கிளாஸே சிரிச்சிது."

"நீ மட்டும் சிரிக்கல."

"எனக்கும் தெரியாதே. அப்புறம் சார்தான் சொன்னாரு. சத்தம் தானா காதுல வந்து விழுந்தா ஹியர். நாமளா மனசு வச்சுக் கேட்டா லிசன்."

"அன்னிக்கு பிள்ளைச்சாவடி பஸ்ல வழியெல்லாம் நீதான் பேசிக்கினு வந்த."

"நீங்க வாயே தொறக்கல. நாம பேசறத இவரு நல்லா கேட்டுப்பாருன்னு நெனச்சுதான் கட்டிக்கிட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாள், அதே பஸ்ல..."

கரண்ட் போனது. மெரின் பாதியிலேயே பேச்சை நிறுத்திவிட்டாள்.

இருட்டில் அவள் என்ன சொன்னாலும் அவனைச் சேராது. எட்டு வருடங்களுக்கு முன் வந்த காய்ச்சலில் லூயிஸின் இரண்டு காதுகளும் முற்றிலும் கேட்காமல் போய்விட்டன. அன்றிலிருந்து அவள் உதடுகளைப் பார்த்துத்தான் அவன் ஒவ்வொரு சொல்லையும் தெரிந்துகொள்கிறான்.

லூயிஸ் தடவித் தடவி மொபைலை எடுத்தான். டார்ச்சைப் போட்டு, கண் கூசாதபடி அவள் முகத்தருகே பிடித்தான்.

"பஸ்ல என்ன ஆச்சு? சொல்லு."