நூற்றுப் பன்னிரண்டு கூழைக்கடா

விடிந்ததும் குளக்கரைக்குப் போய்ப் பறவைகளை எண்ணி, வீட்டுக்கு வந்து அணை அலுவலகத்துக்கு ஃபோனில் சொல்வது இருபது வருடமாக ஞானராஜின் வேலை. அவர் வாதம் வந்து படுத்ததும் அது மனைவி ஸ்டெல்லாவின் கைக்கு வந்தது. ஊருக்கு ஒரு வீட்டார் இப்படிச் சொல்லும் எண்ணைக் கேட்டுத்தான் அணையின் மதகுகள் தாமாகத் திறந்தன. பறவை குறைந்த குளத்துக்கே முதல் தண்ணீர்.

"ஏளா, கட்டில்கிட்ட நின்னு சொல்லு. நானும் கேக்கணும்லா," என்றார் ஞானராஜ்.

முதல் நாள் அவள் பார்த்தது ஒன்பதே கூழைக்கடாக்கள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நூத்திப் பன்னெண்டு," என்று ஃபோனில் சொன்னாள். கோணிப்போன வாய் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எண்ணைக் குறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டு கோடை போயிற்று. அக்கம்பக்கத்துக் குளங்களுக்கெல்லாம் தண்ணீர் வந்தது. இந்த ஊர்க்காரர்கள் முறையிட்டபோதெல்லாம், "உங்க குளம் நல்லாத்தான் இருக்கு," என்றே பதில் வந்தது. கடைசிக் கூழைக்கடா போன அன்றும் ஸ்டெல்லா நூற்றுப் பன்னிரண்டு என்றுதான் சொன்னாள்.

இன்று காலை அவள் உள்ளே நுழையும்போதே ஞானராஜ் கண்ணீரோடு காத்திருந்தார்.

"மாவட்டத்துலயே நம்ம குளந்தான் செழிப்பாம், விருது குடுக்காங்க. நாளைக்குச் சக்கர நாற்காலியில வச்சு என்னையக் கரைக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்."

ஸ்டெல்லா குனிந்து தன் ஈரக் கால்களைப் பார்த்தாள். குளத்துத் தண்ணீரில் இறங்கி வந்தவள்போல் அவருக்குத் தெரியட்டும் என்று, இன்றும் வாசல் குடத்துத் தண்ணீரில்தான் காலை நனைத்துக்கொண்டு வந்திருந்தாள்.