குட்டியின் வலது காது

ஓவியக்காரியை வேலையை விட்டு நிறுத்திவிடுவது என்று மாப்பிள்ளை முடிவே செய்துவிட்டார். மாமனாரிடம் சொல்வதுதான் பாக்கி.

குதிரைப் பண்ணையின் நிர்வாகம் அவர் கைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதற்குள் தீவனம், லாடம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டன. வராதவள் அவள் ஒருத்திதான்.

யார் குட்டி வாங்கினாலும் அதைப் படமாக வரைந்து இலவசமாகக் கொடுப்பது மாமனார் கொண்டுவந்த வழக்கம். படமும் குட்டியும் ஒன்றாகத்தான் போகும். படம் முடியாமல் எந்தக் குட்டியும் பண்ணை வாசலைத் தாண்டாது.

படமோ முடிகிற வழியாக இல்லை.

இந்தத் தடவை நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு பழுப்புக் குட்டி. வாங்கியவர் தினமும் போன் செய்து உயிரை எடுக்கிறார். அவளைக் கேட்டால், குட்டி ஒரு இடத்தில் நின்றால்தானே சார் என்கிறாள். அது உண்மைதான். குட்டி நாலு பாய்ச்சல் ஓடும், தாயின் வயிற்றுக்கடியில் புகுந்து பால் குடிக்கும், திரும்பி வந்து அவளுடைய வர்ணப் பெட்டியை மோந்து பார்க்கும். அவளும் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேருக்கும் ஒரு அவசரமும் கிடையாது.

லாயத்து ஆட்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'எக்ஸ்பிரஸ்'.

முன்பிருந்த ஓவியர் இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தாராமே, அவரை ஏன் விட்டீர்கள் என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை கேட்டும் பார்த்தார். அவர் நமக்குச் சரிப்படவில்லை என்று சொல்லிவிட்டு மாமனார் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

இன்று வசமாகச் சிக்கினாள்.

மத்தியானம் லாயத்துப் பக்கம் போனவருக்கு ஜன்னல் வழியே படம் தெரிந்தது. முடிந்த படம். சுட்டி, பிடரி, ஈரமூக்கு எல்லாம் அச்சு அசல். மாப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல். வாங்கியவருக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தார்.

அப்போது அவள் ஒரு துணியை டர்பன்டைனில் நனைத்து, படத்தில் வலது காதை மட்டும் நிதானமாகத் துடைத்தெடுத்தாள். துடைத்துவிட்டு, குட்டியின் கழுத்தைத் தட்டினாள்.

"போடா, போய் அம்மாகிட்ட பால் குடி. உன் காது நாளைக்குத்தான்."

மாப்பிள்ளை போன வேகத்தில் மாமனார் அறைக் கதவு சுவரில் மோதித் திரும்பியது.

"நம்மகிட்டயே சம்பளம் வாங்கிட்டு நம்மளையே ஏமாத்துது மாமா. முடிஞ்ச படத்தை அதுவே அழிக்குது. என் கண்ணால பாத்தேன்."

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க பாத்தது அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நல்லதாப் போச்சு. எனக்குத் தெரியும்ங்கறதும் அதுக்குத் தெரியாது. தெரிஞ்சா பாவம், சங்கடப்படும்."

மாப்பிள்ளைக்குத் தலை சுற்றியது. தெரிந்துமா விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்குள் மேஜை மேலிருந்த போன் அடித்தது. வாங்கியவர்தான்.

மாமனார் சாவகாசமாகப் பேசினார். படம் பிரமாதமாக வந்துகொண்டிருக்கிறதாம். ஒரு காதுதான் இன்னும் சரியாக அமையவில்லையாம். வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கப்போகிற படம், அதில் காது கோணலாக இருந்தால் உங்களுக்குத்தானே கௌரவக் குறைச்சல் என்றார். அந்தப் பக்கம் உடனே குரல் தணிந்துவிட்டது. அவசரமே இல்லை, எவ்வளவு நாள் ஆனாலும் நன்றாக வரட்டும் என்றது.

போனை வைத்துவிட்டு மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே குட்டி தாயின் மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது.

"குட்டி இன்னும் பால் மறக்கல, கொஞ்ச நாள் தாயோட இருக்கட்டும்னு சொன்னா எவனும் கேக்க மாட்டான் மாப்ள, அடுத்த பண்ணைக்குப் போயிடுவான். அவன் வீட்டு ஹால்ல மாட்டப்போற படம் முடியலைன்னாதான் காத்திருப்பான்."